இருவர் போகும் நெடும்பயணத்துக்கு எந்த சீட்? திருச்சி – ஹம்பி, கிளாசிக் 350

காவிரிக்கரையான், திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் பைக்கில் ஹம்பிக்குப் போவதாக இருக்கிறோம். வண்டி 2022-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. முதல் நாள் நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு. இரவு மைத்துனர் வீட்டில் தங்கல். மறுநாள் தும்கூர், சித்ரதுர்கா தாண்டி ஹொசபேட்டை. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வரும்.

முன் சீட்டில் எனக்குப் பெரிய புகார் இல்லை. சிக்கல் பின் சீட்டில்தான். போன வருடம் கொடைக்கானல் போனபோது வத்தலக்குண்டு வருவதற்குள்ளேயே மனைவி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். "நீங்கள் பைக்கில் வாருங்கள், நான் ரயிலில் வந்து ஹொசபேட்டையில் உங்களை வரவேற்கிறேன்" என்பதுதான் இப்போதைய நிலவரம்.

சீட்டை மாற்றிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கம்பெனியே துணைப்பொருளாக விற்கும் டூரிங் சீட், உள்ளூர்க் கடையில் ஃபோம் மாற்றித் தைப்பது, மேலே போடும் ஜெல் பேட், காற்றடைத்த குஷன் என்று நான்கு வழிகள் தெரிகின்றன. 8,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். எதை வாங்கலாம்?

மலைப்பாதை, கோவை

ஜெல் பேட். சீட்டைக் கழற்ற வேண்டாம், தைக்க வேண்டாம். பட்டையை மாட்டினால் வேலை முடிந்தது. நான் வால்பாறைக்கு அதை வைத்துத்தான் போகிறேன், ஒரு வலியும் இல்லை.

நாடோடி, ஓசூர்

மலைப்பாதை அண்ணா, வால்பாறை ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு தானாகவே இடம் மாறிக்கொள்கிறது. கூடவே குளிர். அங்கே வெறும் பலகையில் உட்கார்ந்தாலும் சமாளித்துவிடலாம். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை நான்கு வழிச்சாலையில் அப்படி இல்லை. ஒரே வேகம், ஒரே நேர்க்கோடு, உடம்பில் ஒரே இடத்தில் அழுத்தம். சீட்டின் உண்மையான தேர்வு அங்கேதான் நடக்கிறது.

ஜெல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. வெயிலில் நிற்கும்போது சூட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது. தர்மபுரியில் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு வந்து உட்காருங்கள், நான் சொல்வது புரியும்.

மலைப்பாதை, கோவை

மேலே ஒரு துண்டைப் போட்டு நிறுத்திவிட்டுப் போனால் சூடாகாது. இதற்கெல்லாம் ஒரு விவாதமா?

இயன்முறை, தஞ்சாவூர்

நான் பிசியோதெரபிஸ்ட். வார இறுதியில் பைக் ஓட்டுகிறவன். எந்தப் பொருளை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், வலி எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

நாம் உட்காரும்போது உடம்பின் எடை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளின் மேல் இறங்குகிறது. கையை அடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த இரண்டு முனைகளையும் நீங்களே தொட்டுப் பார்க்கலாம். எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்த இடங்கள் அவை. அவற்றுக்கு நடுவில் இருக்கும் மென்மையான பகுதியிலும், பின்னால் இருக்கும் வால் எலும்பிலும் எடை இறங்கக் கூடாது. அங்கே நரம்புகள் ஓடுகின்றன, மரத்துப்போவது அதனால்தான்.

இப்போது மெத்தென்ற சீட்டுக்கு வருவோம். கடையில் கை வைத்து அழுத்திப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆனால் அந்த இரண்டு முனைகளும் ஃபோமுக்குள் இறங்கிவிடுகின்றன. நடுவில் இருக்கும் ஃபோம் மேலே பிதுங்கி, அழுத்தம் படக்கூடாத இடத்தில் அழுத்துகிறது. மெலிதான ஃபோம் என்றால் எலும்பு நேராக அடித்தட்டிலேயே போய் உட்காரும். தோலுக்கு அடியில் உள்ள நுண் இரத்தக் குழாய்களின் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று பாடப்புத்தகங்களில் வரும். உட்கார்ந்திருக்கும்போது எலும்பு முனைக்குக் கீழே அதைவிட மிக அதிகமான அழுத்தம் ஏற்படுகிறது. அசையாமல் இருந்தால் இரத்த ஓட்டம் குறைகிறது. முதலில் எரிச்சல், பிறகு வலி. வால்பாறை பற்றி நாடோடி சொன்னது சரி. அசைவுதான் அங்கே மருந்து.

எனவே சீட்டில் தேட வேண்டியது அகலமும் சமதளமும். அந்த இரண்டு முனைகளும் சீட்டின் மேல் முழுமையாக அமர்கின்றனவா என்று பாருங்கள். இதை வீட்டிலேயே அளக்கலாம். அட்டைப் பெட்டியின் வரிவரியான அட்டையை ஒரு கெட்டியான ஸ்டூலின் மேல் வைத்து, கால்களைக் கொஞ்சம் உயர்த்தி, நன்றாக அழுந்த உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல். சீட்டின் தட்டையான பகுதி இந்த அளவைவிட இரண்டு பக்கமும் தாராளமாக மிஞ்ச வேண்டும். பல பைக்குகளில் பெண்களே அதிகம் உட்காரும் பின் சீட்டைத்தான் குறுகலாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது என் பழைய வருத்தம்.

இன்னொன்று: பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எந்த சீட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பழைய புல்லட், வேலூர்

இந்த ஃபோம் ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. 1955-இல் சென்னையில் புல்லட்டைப் பூட்டத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நாட்டுச் சாலைகளுக்கு ஏற்ற சீட் ஒன்றுதான்: ஸ்பிரிங் வைத்த தோல் சீட். அடியில் இரண்டு சுருள், மேலே நல்ல தோல். பள்ளம் வந்தால் சீட் வாங்கிக்கொள்ளும், முதுகு வாங்காது. தோல் நாளாக நாளாக நம் உடம்புக்கு ஏற்றபடி படிந்துவிடும். என் வண்டியில் இன்றும் அதுதான் இருக்கிறது.

நாடோடி, ஓசூர்

ஐயா, ஓட்டுபவருக்குச் சரி. பின்னால் உட்காருபவருக்கு?

பழைய புல்லட், வேலூர்

பின்னால் தனியாக ஒரு சின்ன சீட் போட்டுக்கொள்ளலாம். என் வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை.

பின்னிருக்கை, மதுரை

குறை சொன்னதில்லையா, அல்லது பின்னால் உட்காருவதையே நிறுத்திவிட்டார்களா, ஐயா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஓட்டுபவள் அல்ல, உட்காருபவள். கல்யாணமான நாளிலிருந்து மூன்று வெவ்வேறு வண்டிகளின் பின் சீட்டில் தென்னிந்தியாவைச் சுற்றியிருக்கிறேன். இந்த இழையில் இதுவரை பேசியவர்கள் எல்லோரும் சீட்டில் முன்பக்கம் உட்காருபவர்கள். காவிரிக்கரையான் தம்பி கேள்வியிலும் மனைவிக்கு எங்கே வலித்தது என்று ஒரு வரிகூட இல்லை. "வலித்தது" என்று மட்டும் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு யாராலும் சீட் சொல்ல முடியாது.

முன்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் உண்டு, பார்க்கச் சாலை உண்டு. வேகத்தடை வருகிறது என்று முன்கூட்டியே தெரிவதால் கொஞ்சம் எழுந்து உட்காருவார். எனக்குத் தெரிவது ஒரு ஹெல்மெட்டின் பின்பக்கம். எல்லாக் குலுக்கலும் சொல்லாமல் வருகிறது. போதாததற்கு நான் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய பின் சக்கரத்தின் அச்சுக்கு மேலே. அவருக்கு ஒரு பங்கு தூக்கினால் எனக்கு அதைவிட அதிகம் தூக்கும்.

நான் பின் சீட்டில் பார்ப்பவை இவை. முதலாவது சரிவு. பல பின் சீட்டுகள் முன்பக்கமாகச் சரிந்திருக்கின்றன. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவர் முதுகில் போய் விழுவேன், பிறகு கையை ஊன்றி என்னைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். ஒரு நாள் முழுக்க இதைச் செய்தால் வலிப்பது இடுப்பு அல்ல, மணிக்கட்டும் தோளும். இரண்டாவது உயரம். முன் சீட்டைவிட மிக உயர்ந்திருந்தால் காற்று முழுவதும் என் முகத்துக்கு. மிகத் தாழ்ந்திருந்தால் எதுவும் தெரியாமல் தலை சுற்றும். மூன்றாவது, ஃபுட்ரெஸ்டுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம். கால் அதிகம் மடங்கினால் எடை எல்லாம் அடியிலேயே நிற்கும். கால் சரியாக எட்டாமல் தொங்கினால் சீட்டின் விளிம்பு தொடைக்கு அடியில் அறுக்கும். நான்காவது, சீட்டுக்குக் குறுக்கே போகும் அந்தப் பட்டை. அதைப் பிடித்துக்கொண்டு யாராவது நிஜமாகப் பயணம் செய்திருக்கிறார்களா? அதன் மேல்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

ஸ்பிரிங் சீட் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் இருப்பவர் மேலே போகும்போது நான் கீழே இருப்பேன், அவர் கீழே வரும்போது நான் மேலே. ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டும். என் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தச் சுருள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். துப்பட்டா மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. ஒற்றையாகப் போகிறவருக்கு அது அருமையான சீட், மறுக்கவில்லை.

தம்பி, ஒரே ஒரு கேள்வி. கொடைக்கானல் போனபோது பையை யார் சுமந்தது?

காவிரிக்கரையான், திருச்சி

நான் அவருடைய மனைவி. அவருடைய கணக்கிலிருந்தே எழுதுகிறேன். இந்த இழையை எனக்குக் காட்டிவிட்டு, "நீயே பதில் சொல்லிவிடு" என்று போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பையை நான்தான் சுமந்தேன், அக்கா. இரண்டு பேருடைய உடைகளும் கேமராவும் இருந்த பை. முதலில் வலித்தது வால் எலும்புக்குப் பக்கத்தில். பை பின்னால் இழுக்க இழுக்க நான் கூனிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு அடுத்து நீங்கள் சொன்ன அதே தொடை விளிம்பு. நான் உயரம் குறைவு. ஃபுட்ரெஸ்டில் முன்பாதம் மட்டும்தான் பட்டது. சீட் கெட்டியாக இருக்கிறது என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மெத்தை வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அட்டைப் பெட்டிச் சோதனையும் செய்து பார்த்தோம். என் அளவு 13 சென்டிமீட்டர், அவருடையது 11. எங்கள் பின் சீட்டில் நடுப்பகுதி மட்டும்தான் தட்டையாக இருக்கிறது, ஓரங்கள் உருண்டு இறங்குகின்றன. எனக்கு அளவெடுத்த இரண்டு முனைகளும் அந்த உருண்ட இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கின்றன.

இயன்முறை, தஞ்சாவூர்

சகோதரி, இவ்வளவு தெளிவாகச் சொல்லும் நோயாளிகள் என்னிடம் வருவதில்லை. பை முதுகில் இருந்தால் இடுப்பு பின்பக்கமாகச் சுழன்று எடை வால் எலும்புக்குப் போகும். கால்களை முன்னால் நீட்டி உட்காரும் குரூசர் வகை வண்டிகளில் ஓட்டுபவருக்கும் இதே சிக்கல் வருவதுண்டு. பள்ளத்தின் அதிர்வு நேராக முதுகெலும்புக்கு ஏறும். பையை வண்டிக்கு மாற்றினாலே பாதி குறையும்.

சீட் கடை, சென்னை

அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஜி.பி. ரோட்டில் சீட் தைக்கும் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே தொழில் கற்றவன் நான். இப்போது தனியாகக் கடை வைத்திருக்கிறேன். திருச்சியிலேயே நல்ல கைகள் இருக்கின்றன, என்னிடம் வர வேண்டாம். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது, "இன்னும் கொஞ்சம் ஃபோம் ஏற்றிக் கொடுங்கள்". நாங்களும் மேலே ஒரு துண்டை ஒட்டி, புது ரெக்சின் போட்டுக் கொடுத்துவிடுவோம். அன்று சந்தோஷமாகப் போவார்கள். மெத்தைக் கடையில் கிடைக்கும் 32 டென்சிட்டி ஃபோமை ஒட்டினால் சில மாதங்களில் அது அப்பளம் போலத் தட்டையாகிவிடும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. அது கூடுதலாக இருந்தால் நாள்பட உழைக்கும். கெட்டித்தன்மை வேறு, அதிக டென்சிட்டியிலும் மென்மையான ஃபோம் உண்டு, குறைந்த டென்சிட்டியிலும் விறைப்பானது உண்டு. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

என் முறை இதுதான். கம்பெனி ஃபோமை முழுவதும் பிடுங்க மாட்டேன். அச்சில் வார்த்த ஃபோம் அது, அடித்தட்டோடு சரியாகப் பொருந்தியிருக்கும். உட்காரும் இடத்தில் மட்டும் வெட்டி எடுத்து, அங்கே துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிச் செய்த கெட்டியான ஃபோமை அடியில் வைப்பேன். அதற்கு மேல் ஒரு விரல் கனத்துக்கு மென்மையான ஃபோம். அடியில் இருப்பது எடையைத் தாங்கும், மேலே இருப்பது உறுத்தாமல் பார்த்துக்கொள்ளும். பிறகு அரைக்கும் சக்கரத்தில் தேய்த்து வடிவம் கொண்டுவர வேண்டும். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மேடு இருந்தாலும் 100 கிலோமீட்டரில் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டம்மாவுக்குச் செய்ய வேண்டியது: பின் சீட்டின் மேற்பரப்பைச் சமமாக்குவது, பின்பக்கத்தைவிட முன்பக்கத்தை ஒரு நூல் உயர்த்துவது, இரண்டு ஓரங்களையும் நிரப்பித் தட்டையாக்குவது, முன்விளிம்பின் கீழ்ப்பகுதியைச் சீவிவிடுவது. சீவினால் தொடையில் அறுக்காது, கால் நேராக இறங்கி ஃபுட்ரெஸ்டை நன்றாக எட்டும். உயரத்தைக் கூட்டவே கூடாது. அவர் சொன்ன குறைக்கு ஃபோம் ஏற்றுவது எதிர் வைத்தியம்.

ரெக்சினில் டைமண்ட் தையல் கேட்பார்கள். பார்க்க அழகு. உட்காரும் இடத்தில் எத்தனை தையல் ஓட்டைகளோ அத்தனை வழியில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். நனைந்த ஃபோம் இரண்டு நாள் காயாது. தையல் வேண்டுமென்றால் ஓரத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்கள். விளிம்பில் கயிறு வைத்துத் தைக்கும் பைப்பிங் வேண்டாம், அந்தக் கயிறு தொடையில் உறுத்தும். ரெக்சினும் வழுக்காத, சொரசொரப்பான வகையாக இருக்கட்டும். பளபளப்பான ரெக்சினில் சரிவு இல்லாவிட்டாலும் ஆள் நழுவுவார்.

ஒரு நிபந்தனை. உட்காரப் போகிறவர் கடைக்கு வர வேண்டும். வண்டியின் மேல் உட்கார வைத்து, சாக்கட்டியில் கோடு போட்டுத்தான் வெட்ட வேண்டும். கணவர் மட்டும் சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் நான் வேலையை எடுப்பதில்லை.

மலைப்பாதை, கோவை

மெமரி ஃபோம் போடலாமே? மருத்துவமனைப் படுக்கைகளிலேயே போடுகிறார்கள்.

சீட் கடை, சென்னை

போடலாம், மேல் அடுக்காக, மெலிதாக. முழு சீட்டையும் அதில் செய்யக் கூடாது. மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். நம் மதிய வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் அது நேராக அடித்தட்டு வரை இறங்கிவிடும். படுக்கை ஏசி அறையில் இருக்கிறது.

நான்காம் கியர், ஈரோடு

சீட்டைப் பற்றி இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், ஷாக் அப்சார்பரை யாருமே தொடவில்லை. அந்த வண்டியில் பின்பக்க ஷாக்கின் ஸ்பிரிங்கை ஆறு படிகளில் இறுக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. தனியாகப் போவதற்கு வைத்த படியிலேயே இரண்டு பேரும் மூட்டையும் ஏறினால் ஸ்பிரிங் முக்கால்வாசி அமுங்கியே ஓடும். அதன் மொத்த அசைவே குறைவுதான். சாலையில் ஒரு பள்ளம் வந்தால் மிச்சமும் தீர்ந்து இரும்போடு இரும்பு முட்டும். அந்த முட்டல் பின் சீட்டில் இருப்பவருக்கு நேராகப் போகும். சீட்டைக் குறை சொல்வோம்.

கொக்கி ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே படிக்கு இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டயர் காற்றும் இரண்டு பேருக்கான அளவுக்குக் கையேட்டில் இருப்பதுபோல வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை. முதலில் இதைச் செய்துவிட்டு ஒரு சுற்றுப் போய்வந்து, அதற்கு அப்புறம் சீட் கடைக்குப் போங்கள்.

பழைய புல்லட், வேலூர்

இதைத்தான் நான் ஸ்பிரிங் என்றேன்.

நான்காம் கியர், ஈரோடு

நீங்கள் சொன்ன ஸ்பிரிங் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, ஐயா. நான் சொல்லும் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் குலுக்கலை அடக்க எண்ணெயும் இருக்கிறது. உங்களுடையதில் அது இல்லாததால்தான் மதுரை அக்காவின் ஹெல்மெட் முட்டுகிறது.

ஆயிரத்து அறுநூறு, சேலம்

தாமதமாக வருகிறேன். 24 மணி நேரத்தில் 1,600 கிலோமீட்டர் ஓட்டும் சாடில்சோர் சவாலை முடித்தவன். சாடில்சோர் என்றால் சீட்டில் உட்கார்ந்து வரும் புண். அந்தப் பெயரிலேயே புண் இருக்கிறது என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு.

காற்று குஷனைப் பற்றி யாரும் பேசவில்லை. சின்னச் சின்னக் காற்றறைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு இடத்தில் அழுத்தினால் காற்று பக்கத்து அறைக்குப் போகும். எலும்பு முனையில் அழுத்தம் குவியாது. சக்கர நாற்காலியிலேயே இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் தடுக்க இதே முறை குஷன்கள்தான் பயன்படுகின்றன. வாங்கியவர்களில் பலர் அதைப் பலூனைப்போல் இறுக்கமாக ஊதிவிட்டு, "பந்தின் மேல் உட்கார்ந்தது மாதிரி இருக்கிறது" என்று விற்றுவிடுகிறார்கள். ஊதிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து, அடியில் இருக்கும் சீட்டை உடம்பு தொடுகிறதோ இல்லையோ என்ற அளவுக்குக் காற்றைத் திறந்துவிட வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும்.

ஆட்டுத்தோலும் மணிக்கோவை விரிப்பும் நெடுந்தூர ஓட்டுநர்கள் நம்பிப் போடுபவை. அழுத்தத்தை அவை பெரிதாகக் குறைப்பதில்லை. வியர்வை காய வழிவிடுகின்றன. ஈரத்தில் ஊறிய தோல்தான் சீக்கிரம் உரியும். அதே காரணத்தால் கெட்டித் தையல் உள்ள ஜீன்ஸும் வேண்டாம். இரண்டு தையல்கள் சேரும் இடம் சரியாக உட்காரும் இடத்தில் வந்து நிற்கும்.

பின்னிருக்கை, மதுரை

காற்று குஷனைப் பின் சீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். உட்காரும் இடத்துக்கு அது நல்லதுதான். வளைவுகளில் ஆள் பக்கவாட்டில் மிதக்கிற உணர்வு இருக்கும். அவர் வண்டியைச் சாய்க்க, நான் வேறு பக்கம் போவேன். நேர்ச்சாலைக்குப் போடலாம், மலைக்கு வேண்டாம். பட்டை இரண்டு இடத்திலாவது கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏறி இறங்கும்போது காலை வீசும்போது குஷனும் கூடவே வந்தால் வண்டியோடு விழ வேண்டியதுதான்.

மலைப்பாதை, கோவை

பின்னால் டாப் பாக்ஸ் மாட்டினால் சாய்ந்துகொள்ளலாம், பையும் அதற்குள் போய்விடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நான்காம் கியர், ஈரோடு

மாங்காய் விழும், கூடவே கிளையும் முறியலாம். டாப் பாக்ஸ் மாட்டும் தட்டுக்கு எடை வரம்பு உண்டு, அதிலேயே எழுதியிருப்பார்கள். பெட்டியின் எடையோடு ஒருவர் சாயும் எடையும் சேர்ந்தால் அந்தத் தட்டு தாங்காது. அது பின் சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில் ஆடும். கனமான பொருட்களை இரண்டு பக்கமும் பக்கப்பைகளில், கீழே வையுங்கள். சாய்வதற்கு வண்டிச் சட்டத்தோடு போல்ட் போட்ட பேக்ரெஸ்ட் வேறு, அது போடலாம். இடுப்புக்குச் சற்று மேலே தொடும் உயரம் போதும். அதைவிட உயரமாக இருந்தால் ஏறும்போது கால் மாட்டும்.

பக்கப்பை மாட்டும்போது பின்னால் இருப்பவரின் குதிகால் அதில் இடிக்கிறதா என்று உட்கார வைத்துப் பாருங்கள். குதிகால் இடித்தால் காலை முன்னால் வைப்பார், மறுபடி தொடை விளிம்பு வலி.

நாடோடி, ஓசூர்

கைப்பிடியை மறந்துவிடாதீர்கள். பின்னால் ஆள் ஏறும் பைக்கில் நிரந்தரக் கைப்பிடியும், ஃபுட்ரெஸ்டும், பின் சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்வது அந்தத் தடுப்பைத்தான். பேக்ரெஸ்ட் மாட்டுகிறேன் என்று கைப்பிடிக் கம்பியையும், பக்கப்பை மாட்டுகிறேன் என்று சேலை கார்டையும் கழற்றிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. விடாதீர்கள்.

திரும்பி வரும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் வரும். பல கிலோமீட்டர் ஒரே சரிவு, லாரிகள் கட்டுப்பாடு இழக்கும் இடம். சரிவான சீட் என்றால் அங்கே பின்னால் இருப்பவரின் முழு எடையும் ஓட்டுபவரின் முதுகில்தான் இருக்கும். இரண்டு நாள் பயணத்தின் களைப்போடு அதையும் தாங்கிக்கொண்டு பிரேக் பிடிக்க வேண்டும். சீட்டின் சரிவைத் திருத்துவது சொகுசுக்காக மட்டும் அல்ல.

காவிரிக்கரையான், திருச்சி

இப்போது நான். எல்லோருக்கும் நன்றி. நேற்று ஷாக்கை இரண்டு பக்கமும் நான்காம் படிக்கு ஏற்றி, காற்றும் சரிபார்த்து, பை இல்லாமல் தஞ்சாவூர் போய்த் திரும்பினோம். மனைவியின் அறிக்கை: வால் எலும்பு வலி இல்லை, குலுக்கல் குறைவு, தொடை விளிம்பு அப்படியே இருக்கிறது, கல்லணைப் பக்கம் ஒரு வேகத்தடையை நான் சொல்லாமல் ஏற்றியதற்கு மட்டும் தனி வழக்கு நிலுவையில்.

பக்கப்பைக்கு இரும்புச் சட்டம் வாங்கிவிட்டேன். ஜெல் பேட் வாங்கவில்லை, மலைப்பாதை அண்ணா மன்னிக்க வேண்டும். கம்பெனி டூரிங் சீட்டை ஷோரூமில் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். எனக்குப் பிடித்திருந்தது, அவருக்கு முன்விளிம்பு அங்கேயும் உறுத்தியது. ஆகவே தையல்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போகிறோம். சீட் கடை அண்ணா, இருக்கிற சீட்டையே வெட்டக் கொடுத்துவிடலாமா?

சீட் கடை, சென்னை

வேண்டாம். பின் சீட் தனியாகக் கழலும் வண்டி அது. பழைய சீட் ஒன்றைத் தேடி வாங்கி அதை வெட்டக் கொடுங்கள். மாற்று சீட் போடுபவர்கள் ஒரிஜினலைக் கழற்றி விற்றுவிடுவார்கள், குறைந்த விலைக்கே கிடைக்கும். அடித்தட்டில் விரிசல் இல்லை, பூட்டும் இடம் உடையவில்லை என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். நீங்கள் வண்டியை விற்கும்போது வண்டியோடு வந்த சீட்டை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் உடனே ஹம்பிக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு வாரம் ஓட்டினால் ஃபோம் படியும். அதன் பிறகு எங்கே உறுத்துகிறது என்று அம்மாவைச் சாக்கட்டியால் குறிக்கச் சொல்லி, மறுபடி கடைக்கு எடுத்துப்போங்கள். இரண்டாவது தடவை தேய்த்துக் கொடுப்பதும் அதே கூலியில் அடக்கம் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

பழைய புல்லட், வேலூர்

கிளாசிக்கின் பழைய பின் சீட் ஒன்று என்னிடம் பரணில் சும்மா கிடக்கிறது. அடித்தட்டு நன்றாக இருக்கிறது. 2022 மாடலுக்குப் பூட்டும் இடம் பொருந்துமா என்று சீட் கடைக்காரர் சொன்னால் பார்சலில் அனுப்பிவிடுகிறேன். பணம் வேண்டாம்.

சீட் கடை, சென்னை

ஐயா, 2021-இல் அறிமுகமானது புது ஃபிரேம் (வண்டியின் இரும்புச் சட்டகம்) போட்ட வண்டி. உங்களுடையது அதற்கு முந்தைய மாடல் என்றால் பொருந்தாது. எந்த வருடத்து சீட் என்று சொல்லுங்கள், அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.